டிஸ்சார்ஜ் சம்மரியை நோயாளிக்குப் புரியும் தமிழில் எழுத ஏஐ: புதிதாகத் தொடங்குவோருக்கு வழிகாட்டி

தமிழ்நாட்டில், நோயாளியை வீட்டுக்கு அனுப்பும்போது மருத்துவமனை தரும் டிஸ்சார்ஜ் சம்மரி பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் வரும். அடுத்துப் பார்க்கப்போகும் மருத்துவருக்காக எழுதப்பட்ட தாள் அது. ஆனால் அதை வீட்டுக்கு எடுத்துப்போகிறவர்கள் நோயாளியும் அவருடைய மகளும். எந்த மாத்திரை புதிது, எது நிறுத்தப்பட்டது, எதை வாரத்துக்கு ஒரு முறைதான் போட வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. அவர்களால்தான் அதைப் படிக்க முடிவதில்லை. கிளம்புகிற அவசரத்தில் வார்டு செவிலியர் வாயால் சொல்வதுதான் பல இடங்களில் கிடைக்கிற ஒரே விளக்கம்.

இந்தக் குறையைத் தீர்க்க சாட்ஜிபிடி, ஜெமினி, க்ளாட் போன்ற ஏஐ கருவிகள் நன்றாகவே உதவும். ஆனால் சம்மரியை அப்படியே உள்ளே போட்டு “தமிழில் எழுதிக் கொடு” என்று கேட்டால், படிக்கச் சுகமாக இருக்கும் ஒரு தாள் வரும். அது சரியா என்பது வேறு விஷயம். புரியாத ஆங்கிலத் தாளை வைத்துக்கொண்டு நோயாளி நாலு பேரிடம் கேட்பார். தெளிவான தமிழில் தப்பாக எழுதியிருந்தால் யாரிடமும் கேட்க மாட்டார், அதன்படியே செய்வார். அதனால் பிழை நல்ல தமிழாக மாறுவதற்கு முன்பே அதைப் பிடித்துவிட வேண்டும். கீழே சொல்லும் முறை முழுக்க இதற்காகவே அமைந்தது.

பயிற்சி மருத்துவர்கள், செவிலியர்கள், மருந்தாளுநர்களை மனதில் வைத்து எழுதியது இது. வீட்டில் அப்பா அம்மாவுக்காகச் செய்பவர்களுக்கு ஒரு தனிப் பகுதி பின்னால் இருக்கிறது.

எந்த வேலைக்கு ஆகும், எதற்கு ஆகாது

கூகுளின் ஃப்ளான்-பாம் என்ற மாடல் அமெரிக்க மருத்துவ உரிமத் தேர்வு மாதிரிக் கேள்விகளில் 67.6 சதவீதம் சரியாகப் பதில் சொன்னது 2023இல் நேச்சர் இதழில் வெளியானது. அதற்குப் பின் வந்தவை இன்னும் முன்னேறியிருக்கின்றன. ஆனால் தேர்வுத்தாளில் சரியான விடையைத் தேர்ந்தெடுப்பதும், கையில் இருக்கும் தாளில் உள்ளதை உள்ளபடி சொல்வதும் வேறு வேறு திறமைகள். நமக்கு வேண்டியது இரண்டாவது.

இந்த மாடல்கள் அடுத்து எந்தச் சொல் வருவது வழக்கம் என்று கணித்து எழுதுகின்றன. தாளில் ஓர் இடம் மங்கலாக இருந்தால் வழக்கத்தை வைத்து நிரப்பிவிடும். அட்டர்வாஸ்டாட்டின் மாத்திரையை இரவில் கொடுப்பதே பரவலான வழக்கம். உங்கள் தாளில் அது காலையில் என்று இருந்து, எழுத்தும் சரியாகத் தெரியாவிட்டால், “இரவு” என்று தயங்காமல் எழுதும். தனக்குச் சந்தேகம் இருப்பதாகவும் காட்டிக்கொள்ளாது.

நியூயார்க்கின் என்.ஒய்.யு. லாங்கோன் மருத்துவமனையில் 50 டிஸ்சார்ஜ் சம்மரிகளை ஜிபிடி-4 கொண்டு எளிய ஆங்கிலமாக்கிப் பார்த்த ஆய்வு 2024இல் வந்தது. படிக்கும் கடினம் பதினோராம் வகுப்பு நிலையிலிருந்து ஆறாம் வகுப்பு நிலைக்கு இறங்கியது. அது நல்ல செய்தி. மருத்துவர்கள் செய்த 100 மதிப்பீடுகளில் 54 மட்டுமே துல்லியத்துக்கு முழு மதிப்பெண் தந்தன. 18 மதிப்பீடுகளில் நோயாளியின் பாதுகாப்பு பற்றிய கவலை பதிவானது. அதில் பெரும்பகுதி, இல்லாததைச் சேர்த்ததால் அல்ல, இருந்ததை விட்டதால் வந்தது. ஏஐ கதை விடும் என்று எல்லோரும் எச்சரிக்கிறார்கள். இந்த வேலையில் அதைவிடப் பெரிய ஆபத்து சத்தமில்லாமல் ஒரு வரி காணாமல் போவது. அந்த ஆய்வும் ஆங்கிலத்திலிருந்து ஆங்கிலத்துக்குப் போனது. நாம் மொழியையும் மாற்றுகிறோம்.

இந்தியாவின் டெலிமெடிசின் வழிகாட்டு நெறிகள் (மார்ச் 2020) இதில் தெளிவாக இருக்கின்றன: ஏஐ தளம் நோயாளிக்கு நேரடியாக ஆலோசனை சொல்லவோ மருந்து எழுதவோ கூடாது, மருத்துவருக்குத் துணையாக இருக்கலாம். நம் வேலைக்கும் அதுவே பொருத்தமான எல்லை. ஏஐ எழுதும், நீங்கள் சரிபார்ப்பீர்கள், மருத்துவர் கையெழுத்திடுவார். “இந்த மருந்து இவருக்குச் சரிதானா?” என்ற கேள்வியை இந்த வேலைக்குள் கொண்டுவர வேண்டாம்.

தாளைத் தயார் செய்வது

முதலில் அடையாளங்களை நீக்குங்கள். பெயர், தகப்பனார் அல்லது கணவர் பெயர், பிறந்த தேதி, முகவரி, கைபேசி எண், ஐ.பி. (உள்நோயாளி) எண், ஆதார், காப்பீட்டு அட்டை எண், மருத்துவரின் பெயர், வார்டு, படுக்கை எண் எல்லாம் போக வேண்டும். பக்கத்தின் மேல் ஓரத்தில் இருக்கும் க்யூ.ஆர். குறியீட்டைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். நோயாளியின் முழுப் பதிவுக்கும் அது திறவுகோலாக இருக்கலாம். இருக்க வேண்டியவை: வயது, ஆணா பெண்ணா, எடை, கர்ப்பமா, ஒவ்வாமை உண்டா, சிறுநீரகம் எப்படி. இவை இல்லாமல் தாளைச் சரிபார்க்கவே முடியாது.

டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் வந்துவிட்டது. எந்தக் கருவி, எந்தக் கணக்கு என்பதை மருத்துவமனை நிர்வாகத்திடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சொந்தக் கைபேசியில், இலவசக் கணக்கில், வாட்ஸ்அப்பில் வந்த புகைப்படத்தைப் போட்டுச் செய்யும் பழக்கம் தொடங்கவே கூடாது. எந்தக் கருவியானாலும் உங்கள் உரையாடலைப் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளும் வசதியை அமைப்புகளில் அணைத்துவிட்டே வேலையைத் தொடங்குங்கள்.

அடுத்து, படமா எழுத்தா? கணினியில் அடித்த சம்மரி என்றால் கோப்பிலிருந்தே எழுத்தை எடுத்து ஒட்டுங்கள். கையால் எழுதியது என்றால் மருந்துப் பட்டியலை மட்டுமாவது நீங்களே தட்டச்சு செய்யுங்கள். பத்து வரி அடிக்க ஐந்து நிமிடம் ஆகும். புகைப்படத்தைப் படிக்கும்போது ஏஐ முதலில் தொலைப்பது புள்ளியையும் பின்னத்தையும்தான். ராமிப்ரில் 2.5 என்பது 25 ஆகிவிடும். அரை மாத்திரைக்கான குறி 1 என்றோ 12 என்றோ மாறும். 5.0 என்று எழுதியிருந்தால் 50. மாத்திரைப் பெயர் தப்பாக வந்தால் உங்கள் கண்ணில் பட்டுவிடும்; காணாமல் போன ஒரு புள்ளி படாது.

முதல் கட்டம்: தமிழ் வேண்டாம், அட்டவணை மட்டும்

இந்தக் கட்டத்தைத் தாண்டிக் குதிக்கத்தான் எல்லோருக்கும் ஆசை வரும். ஓடும் வாக்கியங்களில் ஒளிந்துகொள்ளும் தவறு, கட்டம் போட்ட அட்டவணையில் பல்லிளித்துவிடும். கீழே உள்ளதை அப்படியே எடுத்துப் பயன்படுத்தலாம்:

“கீழே ஒரு டிஸ்சார்ஜ் சம்மரியின் உரை இருக்கிறது. இதில் உள்ளதை மட்டும் அட்டவணையாக எடுத்துத் தரவும். உங்கள் மருத்துவ அறிவிலிருந்து எதையும் சேர்க்கவோ திருத்தவோ வேண்டாம். ஒரு மருந்துக்கு ஒரு வரிசை. கட்டங்கள்: தாளில் உள்ள வரி எழுத்து மாறாமல், மருந்தின் பெயர், அளவு (அலகுடன்), காலை, மதியம், இரவு, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா, எத்தனை நாள், புதியதா, தொடர்வதா, நிறுத்தியதா. தாளில் சொல்லாத கட்டத்தில் ‘தாளில் இல்லை’ என்று எழுதவும். இரண்டு விதமாகப் படிக்க இடமிருந்தால் இரண்டையும் எழுதி ‘தெளிவில்லை’ என்று குறிக்கவும். மருந்து அல்லாத அறிவுரை, அடுத்து வர வேண்டிய தேதி, இன்னும் வராத பரிசோதனை முடிவு ஆகியவற்றைத் தனியாகக் கொடுக்கவும்.”

அட்டவணையில் முதலில் வரும் ‘தாளில் உள்ள வரி’ என்ற கட்டம்தான் இதன் உயிர். தாளில் இருந்த வரியையும் அதற்கு ஏஐ கொண்ட பொருளையும் பக்கத்தில் பக்கத்தில் பார்க்கும்போது பக்கத்தைப் புரட்ட வேண்டியதில்லை. “தாளில் இல்லை” என்று எழுத அனுமதி கொடுப்பதும் முக்கியம். காலிக் கட்டத்தைக் கொடுத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் இருந்தால் அது எதையாவது போட்டு நிரப்பும். மருந்துகளின் எண்ணிக்கையை மட்டும் ஏஐயிடம் கேட்காதீர்கள். தாளில் பேனாவால் ஒன்று, இரண்டு என்று நீங்களே எண் போட்டு, அட்டவணையோடு ஒத்துப்பாருங்கள்.

எங்கெல்லாம் தப்பு வரும்

மருந்துச் சுருக்கெழுத்தில் தினசரி வருபவற்றை, அதாவது ஓ.டி. (தினம் ஒரு முறை), பி.டி. (இரண்டு முறை), டி.டி.எஸ். (மூன்று முறை), ஹெச்.எஸ். (படுக்கும்போது) போன்றவற்றை, ஏஐ பெரும்பாலும் சரியாகவே படிக்கும். கண் மருத்துவத் தாளில் மட்டும் கவனம்: அங்கே ஓ.டி. என்றால் வலது கண் என்றும் பொருள். “வலது கண்ணில் தினம் மூன்று முறை சொட்டு” என்பது “தினம் ஒரு முறை” ஆகிவிட இடமுண்டு.

பின்னக் குறிகள் இதைவிட மோசம். பிரிட்டிஷ் வழக்கில் 5/7 என்றால் ஐந்து நாளைக்கு. 1/52 என்றால் ஒரு வாரம், 3/12 என்றால் மூன்று மாதம். நம் ஊர் இதய நோய்த் தாள்களில் டிகாக்ஸினுக்கு எதிரே 5/7 என்று எழுதினால், வாரத்தில் ஐந்து நாள் போட்டு இரண்டு நாள் விட வேண்டும் என்று பொருள். அதே குறிதான், ஒன்றில் ஐந்து நாளோடு மருந்து நிற்கும், மற்றதில் மாதக்கணக்கில் தொடரும். எழுதியவரைக் கேட்காமல் இதை யாரும் முடிவு செய்யக் கூடாது, ஏஐயும் சரி, நீங்களும் சரி.

வாரம் ஒரு முறை போடும் மருந்துகளைத் தனியாக வட்டமிடுங்கள். மூட்டுவாதத்துக்குக் கொடுக்கும் மெத்தோட்ரெக்ஸேட் வாரத்துக்கு ஒரு நாள் மருந்து. அதைத் தினமும் போட்டு உயிரிழந்தவர்கள் உலகெங்கும் உண்டு. வைட்டமின் டி 60,000 யூனிட், எலும்புத் தேய்மானத்துக்கான அலெண்ட்ரோனேட் 70 மி.கி. இரண்டும் வாரத்துக்கு ஒரு முறைதான். எல்லா வரிசையிலும் “காலை 1” என்று இருக்கும் அட்டவணைக்குள் வாராந்திர மருந்தும் “காலை 1” என்றே நுழைந்துவிடும். தமிழ்த் தாளில் கிழமையை எழுதினால்தான் இது தீரும்: “ஞாயிறு மட்டும்”.

அலகு இன்னொரு பொறி. தைராக்ஸின் மைக்ரோகிராமில் எழுதப்படுவது. 50 மைக்ரோகிராமும் 50 மில்லிகிராமும் ஆயிரம் மடங்கு வேறு. இன்சுலினில் “யூனிட்” என்று முழுச் சொல்லாக எழுத வேண்டும். ஆங்கிலச் சுருக்கெழுத்தான ‘யூ’ கையெழுத்தில் பூஜ்யம் போலத் தெரிந்து 10 யூனிட் 100 ஆன கதை மருத்துவமனைகளில் பழையது. ஏஐ அதை மில்லியாக மாற்றி “விளக்க” முயன்றால் அந்த வரியை அழித்துவிடுங்கள். இந்தியாவில் ஒரு மில்லியில் 40 யூனிட் உள்ள குப்பியும் 100 யூனிட் உள்ளதும் இரண்டும் விற்கின்றன. சிரிஞ்சும் அதற்கேற்ப சிவப்பு மூடி, ஆரஞ்சு மூடி. நூறு யூனிட் மருந்தை சிவப்பு மூடி சிரிஞ்சில் 10ஆம் கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 25 யூனிட். சம்மரியில் இது பெரும்பாலும் இருக்காது, ஏஐக்கும் தெரியாது. நோயாளி கையில் எந்தக் குப்பி, எந்த சிரிஞ்ச் என்று பார்த்து நீங்கள்தான் சேர்க்க வேண்டும்.

கூட்டு மாத்திரைகளில் என்ன இருக்கிறது என்பதையும் ஏஐயிடம் கேட்காதீர்கள். அட்டையைத் திருப்பிப் பாருங்கள். ஒரே பிராண்ட் பெயரின் வாலில் ஓர் எழுத்து கூடினால் உள்ளே இன்னொரு மருந்து கூடியிருக்கும். எக்கோஸ்ப்ரின் என்றால் ஆஸ்பிரின், எக்கோஸ்ப்ரின்-ஏ.வி. என்றால் கூடவே அட்டர்வாஸ்டாட்டின். தாளில் ஏ.வி. இருந்து, தனியாக அட்டர்வாஸ்டாட்டினும் இருந்தால், அது வேண்டுமென்றே எழுதியதா இரட்டிப்பா என்று மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் 2021 முதல் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. அந்த அட்டையில் மருந்தின் பொதுப் பெயர் இருக்கும். தனியார் மருத்துவமனையின் சம்மரியில் பிராண்ட் பெயர் இருக்கும். இரண்டும் ஒரே மெட்ஃபார்மின் என்று நோயாளிக்குத் தெரிய வழியில்லை, இரண்டையும் போடுவார். சம்மரியை மட்டும் பார்க்கும் ஏஐக்கு வீட்டு டப்பாவில் என்ன இருக்கிறது என்று தெரியாது. “வீட்டில் இருக்கும் எல்லா அட்டையையும் ஒரு பையில் போட்டு எடுத்து வாங்க” என்று டிஸ்சார்ஜுக்கு முந்தின நாளே உறவினரிடம் சொல்லுங்கள். ஒவ்வொன்றையும் “தொடரலாம்”, “நிறுத்தியாச்சு”, “இதுவும் அதுவும் ஒன்று” என்று மூன்றாகப் பிரித்தபின், அந்தப் பட்டியலையும் அட்டவணையோடு சேருங்கள். இந்த ஒரு வேலைக்குக் கூடுதலாக ஒரு கால் மணி நேரம் போனாலும் பரவாயில்லை.

தேதி: 03/05/2025 என்பது நமக்கு மே 3. அமெரிக்க எழுத்தில் ஊறிய மாடல் மார்ச் 5 என்று எடுத்துக்கொள்ளலாம். மாதத்தை எழுத்தில் போட்டு, கிழமையைக் காலண்டரில் பார்த்துச் சேருங்கள். கிழமைக் கணக்கையும் அதனிடம் விட வேண்டாம்.

கடைசியாக, தாளின் கடைசிப் பத்தியில் தூங்கிக்கொண்டிருக்கும் வரிகள். “பயாப்ஸி முடிவு இன்னும் வரவில்லை”, “பத்தாம் நாள் தையல் பிரிக்க”, “ஸ்டீராய்டு வாரம் ஐந்து மி.கி. குறைக்க”. எளிமையாக்கு என்று சொன்னால் ஏஐ முதலில் விடுவது இவற்றைத்தான். படிப்படியாகக் குறைக்கும் மருந்தை ஒரே வரியாக விடாதீர்கள். ஒவ்வொரு வாரத்துக்கும் தேதி போட்டுத் தனி வரிசையாக அட்டவணையில் எழுத வைத்து, கணக்கை நீங்கள் சரிபாருங்கள்.

இரண்டாம் கட்டம்: இப்போது தமிழ்

திருத்திய அட்டவணையை எடுத்துக்கொண்டு புது உரையாடல் ஒன்றைத் திறங்கள். பழைய சம்மரி அதில் இருக்கக் கூடாது; இருந்தால் நீங்கள் திருத்தியதை விட்டுவிட்டுப் பழையதைத் தொட்டுக்கொள்ளும். கேட்க வேண்டியது இப்படி:

“இந்த அட்டவணையில் உள்ளதை மட்டும் வைத்து, எட்டாம் வகுப்பு வரை படித்த ஒருவர் புரிந்துகொள்ளும் தமிழில் நோயாளிக்கான தாள் எழுதவும். பேச்சுக்கு நெருக்கமான, மரியாதையான நடை. ஒரு வாக்கியத்தில் ஒரு செய்தி. மருந்துப் பெயர்களைத் தமிழ் எழுத்தில் எழுதி, அட்டையில் உள்ள ஆங்கிலப் பெயரை எழுத இடம் விடவும். அரை மாத்திரையை ‘அரை’ என்று சொல்லால் எழுதவும். உணவு, உடற்பயிற்சி, ஆபத்து அறிகுறி எதையும் நீங்களாகச் சேர்க்க வேண்டாம்.”

ஒரு கற்பனை நோயாளியை வைத்து வித்தியாசத்தைப் பார்க்கலாம். 62 வயது, இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர். தாளில் ஒரு வரி: ஐசோசார்பைட் டைநைட்ரேட் 5 மி.கி., எஸ்.எல்., எஸ்.ஓ.எஸ். எஸ்.எல். என்றால் நாக்குக்கு அடியில், எஸ்.ஓ.எஸ். என்றால் தேவைப்படும்போது. சம்மரியை நேராகத் தமிழாக்கச் சொன்னால் இப்படி வரும்:

“ஐசோசார்பைட் டைநைட்ரேட் 5 மி.கி.: தேவைப்படும்போது ஒரு மாத்திரை எடுத்துக்கொள்ளவும்.”

பார்க்கச் சரியாக இருக்கிறது. எஸ்.எல். காணோம். நோயாளி தண்ணீர் ஊற்றி விழுங்குவார், வலி நேரத்தில் மருந்து தாமதமாக வேலை செய்யும். “தேவைப்படும்போது” என்றால் எப்போது என்றும் இல்லை. அட்டவணையில் இரண்டையும் பிரித்து, மருத்துவரிடம் கேட்டு நிரப்பியபின் வர வேண்டியது:

“நெஞ்சு வலி வந்தால் உடனே உட்காருங்கள். இந்த மாத்திரை ஒன்றை நாக்குக்கு அடியில் வையுங்கள். விழுங்க வேண்டாம், தண்ணீர் குடிக்க வேண்டாம். வலி வராத நாளில் இதைப் போட வேண்டாம்.”

உட்காரச் சொல்வதற்குக் காரணம் உண்டு: இந்த மருந்து ரத்த அழுத்தத்தைச் சட்டென்று இறக்கும், நின்றபடி போட்டால் தலைசுற்றி விழலாம். ஸ்டென்ட் வைத்தவருக்கு ஆஸ்பிரினும் க்ளோபிடாக்ரலும் எந்தக் காரணத்துக்கும் தானாக நிறுத்தக் கூடாதவை. பல் பிடுங்கப் போனாலும் இதய மருத்துவரைக் கேட்ட பிறகே என்று தனிப் பெட்டியில், பெரிய எழுத்தில் போடுங்கள். ஏஐ எழுதும் தாளில் எல்லா வரியும் ஒரே குரலில் இருக்கும்; எது உயிர் காக்கும் வரி என்று தேர்ந்து பெரிதாக்குவது உங்கள் வேலை.

சொற்களில் சிலவற்றை மட்டும் கவனித்தால் போதும். கிருமிப் பரிசோதனை முடிவை “எதிர்மறை” என்று எழுதினால் நோயாளி கெட்ட செய்தி என்று பயப்படுவார். “கிருமி இல்லை” என்று எழுதுங்கள். “அக்யூட்” என்பதைக் “கடுமையான” என்று போடும். அது திடீரென்று வந்தது என்றுதான் பொருள்படும். மருத்துவப் பாடநூல் தமிழ் வந்தால் இறக்கிவிடுங்கள்: “குருதி” வேண்டாம், ரத்தம், “வாய்வழி உட்கொள்ளவும்” வேண்டாம், “விழுங்குங்கள்”. நோயாளிகள் பி.பி., சுகர், ஸ்கேன், ஈ.சி.ஜி. என்றுதான் சொல்கிறார்கள். தாளிலும் அவையே இருக்கட்டும்.

உணவு அறிவுரையை ஏன் தடை செய்ய வேண்டும்? கேட்காமலே அது ஓட்ஸ், ப்ரோக்கோலி, சால்மன் மீன் என்று எழுதும். தவறில்லை, பயனும் இல்லை. “உப்பைக் குறைக்கவும்” என்ற வரிக்குக் கீழே டின் சூப்பைத் தவிர்க்கச் சொல்லும். நம் வீட்டில் உப்பு வருவது ஊறுகாய், அப்பளம், கருவாடு, வடகம், மோர்மிளகாய் வழியாக. சில சமயம் தீங்கும் செய்யும். களைப்பாக இருந்தால் இளநீர் குடியுங்கள் என்பது இங்கே எல்லோரும் சொல்வது, ஏஐயும் சொல்லும். இளநீரில் பொட்டாசியம் அதிகம். சிறுநீரகம் பழுதுபட்டவருக்கும், ராமிப்ரிலும் ஸ்பைரனோலாக்டோனும் சேர்த்துப் போடுபவருக்கும் அது இதயத் துடிப்பையே குலைக்கலாம். ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டர் என்று நீர் அளவு கட்டியிருந்தால், ரசம், மோர், கஞ்சி, காபி எல்லாம் அந்தக் கணக்கில்தான் என்று எழுத வேண்டும். உங்கள் துறையின் உணவியல் நிபுணரிடம் நோய்வாரியாக ஒரு பக்கம் வாங்கி வைத்துக்கொண்டு, அதை அப்படியே ஒட்டுங்கள்.

ஆபத்து அறிகுறிகளும் அதே கதைதான். ஏஐ தரும் பட்டியல் எந்த நோயாளிக்கும் பொருந்துவது போல நீளமாக இருக்கும், அதனாலேயே யாரும் படிக்க மாட்டார்கள். துறை மருத்துவர் ஒப்புக்கொண்ட நான்கைந்து வரி போதும். அதன் அடியில் 108.

திருப்பிப் பார்ப்பது

அதே உரையாடலில் “இது சரியா?” என்று கேட்பதால் பயனில்லை. பெரும்பாலும் ஆமாம் என்று சொல்லும், அல்லது நீங்கள் சந்தேகப்பட்டதற்காகவே சரியாக இருந்ததை மாற்றும். மூன்றாவதாக ஒரு புது உரையாடல் திறந்து, தமிழ்த் தாளை மட்டும் கொடுத்து, “இதிலிருந்து மருந்து அட்டவணை தயாரிக்கவும், இல்லாததை ‘இல்லை’ என்று எழுதவும்” என்று கேளுங்கள். வந்த அட்டவணையை முதல் கட்டத்தில் நீங்கள் திருத்தி வைத்ததோடு வரிசை வரிசையாக ஒப்பிடுங்கள். மாறியிருந்தால் தமிழ் வாக்கியம் குழப்பமாக இருக்கிறது என்று பொருள். அந்த வாக்கியத்தைக் கையால் திருத்துங்கள்.

இதற்குப் பிறகும் மனிதக் கண் வேண்டும், அதுவும் இரண்டு பேருடையது. ஒருவர் மூலத்தாளை வாய்விட்டுப் படிக்க, மற்றவர் தமிழ்த் தாளில் டிக் போட்டுக்கொண்டே வர வேண்டும். இரவுப் பணியில் தனியாக இருக்கும்போது இந்த வேலையை எடுக்காதீர்கள்.

கையில் கொடுப்பது

எழுத்து 16 புள்ளிக்குக் குறையக் கூடாது. மருந்துப் பட்டியல் ஒரு பக்கத்தில் அடங்க வேண்டும். படிக்கத் தெரியாதவருக்கு காலை, மதியம், இரவுக் கட்டங்களின் தலையில் சூரியன், உச்சிச் சூரியன், நிலா வரைந்தால் போதும். யூனிகோடு தமிழைப் பழைய எழுத்துருவுள்ள கணினியில் ஒட்டினால் கொம்பும் காலும் இடம் மாறிப்போகும். அச்சிட்டதை ஒரு முறை படித்துவிட்டே கொடுங்கள்.

குரல் பதிவாக அனுப்புவது வயதானவர்களுக்கு நல்லது. ஆனால் எழுத்தைக் குரலாக்கும் மென்பொருள் 1-0-1 (காலை ஒன்று, மதியம் இல்லை, இரவு ஒன்று) என்பதை “ஒன்று கழித்தல் பூஜ்யம்” என்று படிக்கக்கூடும். எண்களைச் சொல்லாக மாற்றிய தனிப் படி ஒன்று தயார் செய்யுங்கள். முடிந்தால் செவிலியரே பேசிப் பதிவு செய்வது இன்னும் நல்லது. எந்தச் செயற்கைக் குரலையும்விட அந்தக் குரலை நோயாளி நம்புவார்.

தாளைக் கொடுத்துவிட்டு “புரிஞ்சுதா?” என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். “அம்மா, நாளைக்குக் காலையில எழுந்ததும் என்னென்ன போடுவீங்க, எனக்குச் சொல்லிக் காட்டுங்க” என்று கேளுங்கள். அவர் தடுமாறும் இடம் தாளில் திருத்த வேண்டிய இடம்.

வீட்டில் செய்பவர்களுக்கு

உங்களிடம் மருத்துவமனைக் கணக்கு இருக்காது, சரிபார்க்க இரண்டாவது ஆளும் இருக்கமாட்டார். அதனால் முதல் கட்டத்தோடு நின்றுவிடுங்கள். அடையாளங்களை நீக்கி, மருந்து வரிகளைத் தட்டச்சு செய்து, அட்டவணை கேளுங்கள். “தெளிவில்லை”, “தாளில் இல்லை” என்று வந்தவை எல்லாம் நீங்கள் கேட்க வேண்டிய கேள்விகள். மருந்துக் கடையில் நிற்கும்போது அந்தப் பட்டியலையும் அட்டைகளையும் மருந்தாளுநர் முன்னால் வைத்து ஒவ்வொன்றாகக் கேளுங்கள். அவர் “டாக்டரைக் கேளுங்க” என்று சொல்வதை டாக்டரிடம் கேளுங்கள். தமிழ்நாட்டில் 104 எண்ணில் அரசின் மருத்துவ ஆலோசனையும் கிடைக்கும். அப்பாவுக்கு நெஞ்சு அடைக்கிறது, ஒரு பக்கம் கை தூக்க முடியவில்லை என்றால் ஏஐயைத் திறக்காதீர்கள், 108ஐ அழையுங்கள்.

தொடங்கும் முறை

முதல் வாரமே நோயாளிக்குத் தாள் கொடுக்க வேண்டாம். ஒரே துறையிலிருந்து, அடையாளம் நீக்கிய பத்துப் பழைய சம்மரிகளை எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றில் வாராந்திர மருந்து உள்ளது ஒன்று, இன்சுலின் ஒன்று, படிப்படியாகக் குறைக்கும் ஸ்டீராய்டு ஒன்று, அரை மாத்திரை ஒன்று, பயாப்ஸி முடிவு வராதது ஒன்று கட்டாயம் இருக்கட்டும். இந்தப் பத்துக்கும் சரியான அட்டவணையை முதலில் கையால் எழுதி வையுங்கள். பிறகு ஏஐயை ஓட்டி, எங்கே தவறியது என்று ஒரு நோட்டில் மூன்று பத்தியாகக் குறியுங்கள்: விட்டது, மாற்றியது, சேர்த்தது. எந்தப் பத்தி நிரம்புகிறதோ அதற்கேற்ப உங்கள் கேள்வி வாசகத்தைத் திருத்துங்கள்.

அந்தப் பத்தையும் கையால் எழுதிய விடைகளையும் பத்திரமாக வைத்திருங்கள். இந்த நிறுவனங்கள் மாடலை அடிக்கடி மாற்றும். பெயர் அதேயாக இருந்தாலும் நடத்தை மாறியிருக்கும். மாற்றம் தெரிந்த அன்று, புது நோயாளியின் தாளைத் தொடுவதற்கு முன், அதே பத்தை மறுபடி ஓட்டி நோட்டோடு ஒப்பிட்டுவிட்டுத் தொடருங்கள்.